வயதான பிறகு உறவுகளைக் கசக்க வைக்கும் பழக்கங்கள் எவை?

எனக்கு 67 வயது. ஊரார் கதை எதற்கு, என் கதையையே சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் நான் ஓயாமல் பேசுகிறவனாகிவிட்டேன். மருமகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். விசேஷ வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே புகுந்து என் ஆபீஸ் கதைதான். ஒருநாள் மகன் பொறுக்க முடியாமல், "அப்பா, நீங்க யார் சொல்றதையும் கேக்குறதே இல்லப்பா" என்றான். அவன் கோபத்தில் சொன்னான். ஆனால் நிஜமாகவே எனக்குக் காது கேட்கவில்லை.

வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, ஸ, ஃப போன்றவை நழுவிவிடும், உயிரெழுத்துகள் மட்டும் காதில் விழும். அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. "என் காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று சண்டை போட்டிருக்கிறேன். மிக்ஸி ஓடினாலோ நாலு பேர் சேர்ந்து பேசினாலோ சுத்தம்! நானே பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, பாருங்கள். அதுதான் என் வாயாடித்தனத்தின் ரகசியம். இது எனக்கே பிற்பாடுதான் உறைத்தது.

அப்புறம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது. மகள் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் எதிர்வீடு வரை போய்விட்டது. இரண்டு மாதம் அவள் போனே செய்யவில்லை.

60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாடப் பேச்சையே பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதைச் சோதிக்கப் போனால், சத்தம் வராத சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். சோதனை அவ்வளவுதான். காது மெஷின் மாட்டிய முதல் வாரம் பேப்பரை மடித்தால்கூட இடி மாதிரி இருந்தது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். மூளைக்குப் பழக சில வாரங்களாவது ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

எல்லாப் பழியையும் காதின் மேல் போட முடியாதுதான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவர்களிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டது காது கேளாமல் அல்ல. அதை விட்டுவிட்டேன். காலை ஐந்து மணிக்குக் குடும்ப குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுவதை மட்டும் இன்னும் விடவில்லை.