பனி விலகும்வரை ஆறு டம்ளர்

கேள்வி: எனக்கு 56 வயது. திருவையாறு பக்கத்தில் கிராமம். பெங்களூரில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய டீ வாங்கி வந்தாள். ஆரஞ்சு-பட்டை, செம்பருத்தி, துளசி-இஞ்சி, அதிமதுரம்-சோம்பு என்று வகைவகையாக இருக்கிறது. வீட்டில் சுக்குமல்லிக் காபியும் உண்டு. மாசி பிறந்து பனி விலகும்வரை இதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் ஆகிவிடுகிறது. அதிமதுர டீ ரொம்பப் பிடித்துப்போனதால் அதில் மட்டும் மூன்று. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் முதல் டீயோடு இரண்டையும் விழுங்கிவிடுவேன். பத்து நாளாகச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்கிறாள் மகள். "எல்லாம் சூடு" என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: மாசி பிறந்தால் பனி விலகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உங்கள் பெட்டி இன்னும் ஒரு மாதத்துக்குத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் கணக்கை இப்போதே சரிசெய்துகொள்வோம்.

முதலில் கணுக்கால். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மாத்திரையாலேயே சாயங்கால வீக்கம் வரும். ஆனால் அது பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலோ, அளவைக் கூட்டும்போதோ தெரியவரும். உங்களுக்குப் பழைய மாத்திரை, பழைய அளவு என்றால், புதிதாக வந்தது பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் என் சந்தேகம் அதிமதுரத்தின் மேல்.

அதிமதுர டீக்கு நீங்கள் சர்க்கரை போட்டிருக்க மாட்டீர்கள், சரிதானே? அது தானாகவே தித்திக்கும். அந்தத் தித்திப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு. வம்பும் அதில்தான். நம் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், சிறுநீரகத்துக்கு வந்ததும் அங்கிருக்கும் ஒரு நொதியால் செயலிழந்துவிடும். கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. காவல்காரன் தூங்கிப்போன மதகு மாதிரி ஆகிவிடும் நிலைமை: உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். கால் வீங்கும், பிரஷர் ஏறும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும். தொண்டை கட்டினால் ஒரு நாள், இரண்டு நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு. தினம் மூன்று டம்ளர், அதுவும் பிரஷர் உள்ளவர், வாரக்கணக்கில் குடிப்பது வேறு.

பல வருடம் முன்பு மார்கழியில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பஜனை கோஷ்டியில் பாடுகிறவர். பிரஷர் 180க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. மாத்திரையை மாற்றினேன், கூட்டினேன், உப்பைக் குறைக்கச் சொன்னேன். அவர் மனைவிதான் உப்பைக் கூட்டிப் போடுகிறாரோ என்று வீணாகச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது தடவை பேசிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டு ஒரு குச்சியை எடுத்து வாயில் போட்டார். "என்ன சுவாமி அது?" என்றேன். "குரலுக்கு" என்றார். நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம் அப்படியே பையில் இருந்தது, மஞ்சள் நாரோடு. விடிகாலையிலிருந்து ராத்திரி வரை அதிமதுரம். அதை விட்ட மூன்று வாரத்தில் பழைய மாத்திரையே போதுமென்று ஆனது. மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப் பையைப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே அதிமதுரத்தை இன்றோடு நிறுத்துங்கள். பெட்டியில் 'லிக்கரைஸ்' அல்லது 'முலேத்தி' என்று போட்டிருந்தாலும் அதுதான். தொண்டைக்கு இதம் என்று விற்கிற கலவைகளிலும், கடைச் சுக்குமல்லிப் பொடி சிலவற்றிலும் அதைச் சேர்க்கிறார்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பேரப்பிள்ளையை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள். விட்ட மறுநாளே வீக்கம் வடிந்துவிடாது, ஓரிரு வாரம் ஆகலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டி பிரஷர், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். வீக்கம் ஒரு காலில் மட்டும் வந்து வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காலையில் முகமும் உப்பியிருந்தாலோ வாரம் பொறுக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

டி.எஸ்.எச். எதற்கு என்று கேட்பீர்கள். தைராய்டு மாத்திரையை டீயோடு விழுங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான். அந்த மாத்திரைக்கு வெறும் வயிறும் வெறும் தண்ணீரும் வேண்டும். காபி, டீ, பால் எது சேர்ந்தாலும் குடலில் ஏறுவது குறையலாம். தைராய்டு குறைந்தாலும் உடம்பு உப்பும், குளிர் அதிகமாகத் தெரியும், அதனால் இன்னொரு டம்ளர் டீ கேட்கும்! எழுந்ததும் மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். புள்ளிக் கோலம் பெரிதாகப் போடுகிறவராக இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தானாக ஓடிவிடும். அதற்குப் பிறகு டீ. இரும்புச் சத்தோ கால்சியமோ சாப்பிடுகிறீர்கள் என்றால், அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. தேயிலையில் உள்ள டானின், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்துக் கஃபீன் 300 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 வரை இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சுக்குமல்லிக் காபிக்குப் பெயரில்தான் காபி, கஃபீன் கிடையாது. தேயிலை சேராத துளசி, செம்பருத்தி வகைகளிலும் இல்லை. ராத்திரி ஏதாவது சூடாகக் குடித்தால்தான் ஆகும் என்றால் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை உள்ளது நான்கு மணியோடு போதும்.

மற்ற ருசிகளுக்கு அவ்வளவு பயமில்லை. பெட்டியில் வருகிற செம்பருத்தி பெரும்பாலும் நம் வேலியோரத்துப் பூ அல்ல. புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லி இதழ், அதனால்தான் அந்தப் புளிப்பு. பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். மாத்திரையோடு சேர்ந்து தலை சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு டம்ளர் குடிக்கலாம். பட்டையில் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த ரகத்தில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. ருசிக்கு ஒரு துண்டு தாராளமாகப் போடுங்கள், கஷாயமாகக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். இஞ்சி நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும்.

இனிப்பு விஷயத்தில் யாரும் தங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பனங்கற்கண்டும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான். நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. ஆறு டம்ளரில் டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போட்டாலே முடிந்தது, பொங்கல் கணக்கு தனி. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்து எதையும் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'சூடு' வேறொரு விதத்தில் சரி. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றுங்கள்.

இன்னொன்று. அறுவடைத் தூசியும் பனியும் சேர்கிற காலம் இது. இருமலுக்குச் சுக்கு தட்டிப்போட்டுக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் குடிக்கிறேன். ஆனால் இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்து, கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்தால் கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

மீதமிருக்கிற அதிமதுர டீயை வீணாக்க மனம் வராமல் வீட்டுக்காரருக்குப் போட்டுக் கொடுக்கத் தோன்றும். அதற்கு முன்னால் அவருடைய பிரஷரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.