வேன் சூடாகிறதா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது 2012 ஈக்கோ, ஏசி உண்டு. பைபாஸில் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஊருக்குள் நெரிசலில் 10 நிமிடம் நின்றால் கூலன்ட் கொதித்து பாட்டில் வழியாகப் பொங்குகிறது. ஃபேன் ஓடத்தான் செய்கிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தால் பைபாஸிலும், குறிப்பாக ஆள் நிறைந்து மேடு ஏறும்போதும் சூடு காட்டியிருக்கும். எனவே ஃபேனைச் சந்தேகப்படுங்கள். அது சுற்றினால் மட்டும் போதாது, முழு வேகத்தில் சுற்ற வேண்டும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். எஞ்சினும் ஃபேனும் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அடுத்து, ஃபேன் பிளக்கை கழற்றாமல், அதன் பின்புறமாக இரண்டு வயர்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. 2 வோல்ட் குறைந்தால் அந்த மின்சாரம் வழியிலேயே சூடாகி வீணாகிறது. எங்கே என்று பிடிப்பது எளிது: மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை ஃபேனின் எர்த் வயரிலும் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர்) வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. அந்த போல்ட்டைக் கழற்றி, பாடியில் பெயின்டும் துருவும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். எர்த் சரியென்றால் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையும் பிளக்கையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, வயரோடு புது பிளக் போட வேண்டும். முழு வோல்ட் வந்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றினால்தான் மோட்டார் போய்விட்டது என்று சொல்லலாம். சோதிக்கும்போது கையையும் வயரையும் இறக்கைக்கு எட்டாமல் வையுங்கள், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

கேள்வி: சூடு குறையட்டும் என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வையே எடுத்துவிட்டார். சூடு இல்லை, ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அந்த வால்வுதான். அது இல்லாத எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். சென்சார் 'எஞ்சின் குளிராக இருக்கிறது' என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, பிஸ்டன் ரிங் தேய்மானத்தையும் கூட்டும். நம் ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை என்பது தவறான பேச்சு. தயவுசெய்து திரும்பப் போட்டுவிடுங்கள்.

போடும் முன் சோதியுங்கள். வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். வால்வின் மேல் 82 என்று பொறித்திருந்தால், ஏறக்குறைய அந்தச் சூட்டில் நூல் நழுவி வால்வு விழ வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காதது குப்பைக்கு.

போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். உள்ளே படியும் வெள்ளை உப்புதான் ரேடியேட்டரை அடைக்கிறது. அடர் கூலன்ட் 1 லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர். ரெடிமிக்ஸ் வாங்கினால் எதுவும் கலக்கக் கூடாது. எஞ்சின் சீட்டுக்கு அடியிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் வேன்களில் ஹோஸ் நீளம், காற்று சுலபமாகச் சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில், மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிச் சூடான வண்டியின் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். 0.9 பார் மூடிக்குள் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: 2003 குவாலிஸ். இரவில் ஹெட்லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் ஊசி மேலே தாவுகிறது. அணைத்தால் இறங்குகிறது.

பதில்: உண்மையான சூடு ஒரு நொடியில் ஏறி இறங்காது. மீட்டர் போர்டின் எர்த் விட்டுப்போயிருக்க வேண்டும். லைட் போட்டதும் போர்டிலுள்ள சிறு பல்புகளின் மின்சாரம் திரும்ப வழியில்லாமல் சென்சார் வயர் வழியாக எர்த்தைத் தேடுகிறது, ஊசி அதைச் சூடாகக் காட்டுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் போல்ட்டையும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: அதே குவாலிஸ் டீசல்தான் எங்களிடமும். டைனமோ மாற்றி 4 மாதம்தான் ஆகிறது, மறுபடி சார்ஜ் இல்லை. கழற்றினால் உள்ளே ஆயில்.

பதில்: இந்த எஞ்சினில் டைனமோவின் பின்னாலேயே பிரேக் பூஸ்டருக்கான (பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) வேக்குவம் பம்ப் இருக்கிறது. பம்புக்கு எஞ்சின் ஆயில் வந்து போகும். நடுவில் இருக்கும் சீல் கிழிந்தால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி பிரஷ்ஷைப் பிசுபிசுப்பாக்கிவிடும். பிரஷ் மட்டும் மாற்றினால் மறுபடி இதே கதைதான். சீல், ஆயில் ஹோஸ், வளையங்கள் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் திரும்பிப் போகும் ஹோஸ் அடைத்திருந்தாலும் புது சீல் கிழியும், ஊதிப் பாருங்கள். பிரேக் மிதி கட்டையாக இருக்கிறதென்றால் பம்பே தேய்ந்திருக்கலாம். அப்படியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: வேன் இரண்டு நாள் நின்றாலே செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதிது.

பதில்: நிறுத்திய பிறகும் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. 45 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து அரை ஆம்ப் இழுத்தாலும் 2 நாளில் 24 போய்விடும். பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் பொறுங்கள். 50 மில்லி ஆம்புக்குள் இருந்தால் நல்லது. அதிகமென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அங்கேதான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் எரியும்.

வெளியில் மாட்டிய ஸ்டீரியோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கும் சிவப்பு வயர் சாவிக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால் சாவி எடுத்த பின்னும் செட் உறங்காது. எல்லா ஃபியூஸையும் உருவியும் எண் இறங்கவில்லையா? பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டைனமோவின் தடித்த வயரை எடுத்து, முனையை டேப்பால் சுற்றி, மீட்டரை மறுபடி இணைத்துப் பாருங்கள். இப்போது எண் விழுந்தால் டைனமோவுக்குள், பேட்டரி மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் டயோடு கசிகிறது.