யோசேப்பின் கதைக்கு நடுவே தாமார் ஏன்?

வணக்கம். யூதர்கள் வாரம் ஒன்றாக வாசிக்கும் வேதப் பகுதிகளில் ஒன்றான வாயேஷெவை (ஆதியாகமம் 37-40) வாசிக்கும்போது, யோசேப்பின் கதையை அறுத்துக்கொண்டு யூதா, தாமார் கதை வருவது உறுத்துகிறது, அதைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

37ஆம் அதிகாரத்தில், யோசேப்பை விற்றுவிட்ட சகோதரர்கள் (யூதாவும் அவர்களில் ஒருவன்) அவனுடைய அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் அனுப்பி, 'ஹக்கேர் நா' என்கிறார்கள். 'அடையாளம் பாரும்' என்று பொருள். அடுத்த அதிகாரத்தில், முகத்தை மூடியிருந்த தன் விதவை மருமகள் தாமாரை வேசி என்று நினைத்த யூதா, ஆட்டுக்குட்டி தருவதாகச் சொல்லி, அதுவரை முத்திரையையும் கயிற்றையும் கைக்கோலையும் அடகு வைத்து அவளோடு சேர்கிறான். அவள் கர்ப்பமானதால் எரிக்கப்படுவதற்காக வெளியே கொண்டுவரப்படும்போது, அந்தப் பொருள்களை மாமனாருக்கு அனுப்பி அதே இரண்டு சொற்களைச் சொல்கிறாள். தந்தையை ஏமாற்றிய சொல் யூதாவிடமே திரும்பி வருகிறது என்று மித்ராஷ் எனும் பழைய யூத வேத விளக்கங்களின் ஆசிரியர்கள் இந்த இரண்டையும் இணைத்துப் படித்தார்கள். ஆட்டுக்குட்டியும் இரண்டு இடத்திலும் வருகிறது, பாருங்கள்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது அவள் சொல்லாமல் விட்டது. உயிர் போகும் நேரத்திலும் யூதாவின் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதா, மறைப்பதா என்பதை அவனிடமே விட்டுவிட்டாள். அவனும் "என்னைவிட அவள் நீதியுள்ளவள்" என்று ஊரறியச் சொன்னான். பலர் முன்னிலையில் ஒருவரை வெட்கப்படுத்துவதைவிட எரியும் சூளையில் விழுவது மேல் என்று, யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் இவளிடமிருந்துதான் கற்கிறது.

அதே தல்மூதில் மார் உக்வா என்ற அறிஞரின் கதையையும் தேடிப் படியுங்கள். ஏழைக்கு ரகசியமாகக் காசு வைத்துவந்தவர், அவன் வெட்கப்படக் கூடாதென்று, அவன் கண்ணில் படாமலிருக்க மனைவியுடன் தணல் வாரிய சூளைக்குள் ஒளிகிறார். அவர் கால் சுடுகிறது. "உங்கள் கால்களை என் கால்கள்மேல் வையுங்கள்" என்கிறாள் மனைவி.