போட்டோகிராபரை விடுங்கள், போட்டோவைப் பின்தொடருங்கள்

அண்ணா, வணக்கம்.

ஒரே வாரத்தில் 'சிட்டி ஆஃப் காட்', 'மினமாட்டா' இரண்டையும் பார்த்தேன். நான் தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் பாஸ்போர்ட் சைஸ். நம் படங்களில் ஹீரோ கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஹீரோயினைப் பார்ப்பதோடு போட்டோகிராபர் வேலை முடிந்துவிடுகிறது. ஏன் இப்படி? ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போனால் மீனைவிட கேமரா அதிகம், அதை வைத்து ஒரு படமும் இல்லை. நண்பர்களோடு பார்க்க நல்லதாக நாலு படம் சொல்லுங்கள்.

க., தண்டையார்பேட்டை

வணக்கம் தம்பி,

கோபம் நியாயம்தான், ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். 'கோ' (2011) எடுத்த கே.வி. ஆனந்த் ஒளிப்பதிவாளர் ஆவதற்கு முன்னால் பத்திரிகைகளுக்குப் போட்டோ எடுத்தவர், அந்த அனுபவம் தொடக்கத்தில் வரும் வங்கிக் கொள்ளைத் துரத்தலிலேயே தெரியும். அதே வருடம் வந்த 'மயக்கம் என்ன' படத்தில், தான் எடுத்த படம் பெரிய போட்டோகிராபர் ஒருவரின் பெயரில் பத்திரிகையில் வந்திருப்பதை தனுஷ் பார்க்கும் இடம் இருக்கிறதே, அதைத் தாண்டி இந்தத் தொழிலைப் பற்றி நம் சினிமா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்பது என் கட்சி. அப்புறம் படம் குடி, குடும்பம் என்று வேறு பக்கம் போய்விடுகிறது, அது வேறு கதை.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. போட்டோகிராபரின் கண்ணைப் பற்றி, தனிமையைப் பற்றிப் பேசும் படங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும். எடுத்த போட்டோ அவன் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது, யார் அச்சடிக்கிறார்கள், யார் திருடுகிறார்கள், அதில் இருக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று தேடிப் போகிற படங்கள்தான் நிற்கும்.

பிரேசில் நாட்டுப் படமான 'சிட்டி ஆஃப் காட்' (2002) பார்த்துவிட்டீர்கள், அதனால் தயங்காமல் சொல்கிறேன். ரவுடிக் கும்பல் துப்பாக்கியோடு போஸ் கொடுத்த படம், எடுத்த பையனுக்கே தெரியாமல் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. செத்தோம் என்று அவன் நடுங்குகிறான், அங்கே கும்பல் தலைவனோ பேப்பரில் தன் முகம் வந்துவிட்டது என்று பூரித்துப் போகிறான். கடைசியில் பையனிடம் இரண்டு வகைப் படம் இருக்கிறது. போலீஸ் பணம் வாங்குவது ஒன்று, அந்தக் கும்பல் தலைவனின் பிணம் இன்னொன்று. பிணத்தைக் கொடுத்தால் வேலை கிடைக்கும், போலீஸைக் கொடுத்தால் பெயர் கிடைக்கும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவன் பிணத்தைக் கொடுக்கிறான். ஏரியாவில் வளர்ந்து அங்கேயே இருக்கப்போகிறவன் வேறு எதைக் கொடுப்பான்? வெளியிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் படமெடுத்துவிட்டுப் போகிறவனுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

'மினமாட்டா' (2020) விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் கடலில் கலந்து, மீனுக்குப் போய், மீன் சாப்பிட்ட மனிதர்களுக்குப் போனது. நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது 1956இல். அமெரிக்க போட்டோகிராபர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971இல் அங்கே போய்க் குடியிருந்து படமெடுத்தார்கள், ஸ்மித் அடியும் வாங்கினார். நோயால் முடங்கிய மகளை அம்மா தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டும் அந்தப் படம் 1972இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்து உலகத்தை உலுக்கியது. இதுவரை சினிமா சொல்கிறது. சொல்லாத பாதிதான் எனக்கு முக்கியம். மகள் 1977இல் இறந்துவிட்டாள். படம் மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. போதும், அவளை விட்டுவிடுங்கள் என்றது குடும்பம். 1998இல் ஐலீன் அதை ஏற்று, அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்தார். அதற்கு இருபது வருடம் கழித்து வந்த சினிமாவின் உச்சக் காட்சியே அந்தப் போட்டோவை எடுப்பதுதான்! நல்ல காட்சி, கண்ணில் தண்ணீர் வரும். இருந்தாலும் குடும்பம் கேட்டுக்கொண்ட கதையை எடுத்திருந்தால் அது இன்னும் பெரிய படம். (ஜப்பானியக் கடலோரம் என்று நாம் நம்பிப் பார்க்கும் இடங்களில் பெரும்பகுதி செர்பியாவும் மாண்டினீக்ரோவும். சினிமா அப்படித்தான்.)

எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கையாலேயே அள்ளிக்கொண்டிருந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. கருப்பு அப்பிய அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களில் எத்தனை பேரிடம் அந்தப் படத்தில் ஒரு பிரதி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள், எடுத்தியே, எனக்கு அனுப்பினியா என்று கேமராக்காரர்களைக் கேட்பது இதைத்தான்.

சரி, நம் ஏரியா படத்துக்கு வருவோம். கதைக்கு நீங்கள் துறைமுகம் வரை போக வேண்டாம், உங்கள் ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டி, செத்துப்போன அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்று போனை நீட்டுவார்கள். அந்த மனிதர் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இருக்காது. யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலோ மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்பார். நீங்கள் முகத்தை வெட்டி, பக்கத்து ஆளின் தோளை அழித்து, அவர் வாழ்நாளில் போடாத வெள்ளைச் சட்டையை மாட்டிவிடுவீர்கள். விடிந்தால் அந்த முகம் தெருமுனையில் ஆளுயரத்துக்கு நிற்கும், பிறகு பிரேம் போட்டு வீட்டுச் சுவரில் சின்ன பல்போடு ஏறும், பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்த வெள்ளைச் சட்டைதான். அந்தக் கல்யாணத்தை எடுத்த போட்டோகிராபருக்கு இது எதுவும் தெரியாது. அந்த ஒரு முகத்தைப் பின்தொடர்ந்து போனாலே இரண்டு மணி நேரம் போதாது. ஹீரோயின் வேண்டுமென்றால் பேனர் கடையில் உட்காரவையுங்கள், தயாரிப்பாளர் கேட்பார்.

நாலு படம் கேட்டீர்கள். மலையாளத்தில் 'மகேஷின்றெ பிரதிகாரம்' (2016), கட்டாயம். ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபகத் ஃபாசிலிடம் படமெடுக்க வந்த பெண், உங்களுக்கு இது சரியாக வராது போல என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். உங்கள் நண்பர்கள் எல்லோருக்கும் அது நடந்திருக்கும். 'நிமிர்' அதன் தமிழ் வடிவம், ஆனால் மூலத்தையே பாருங்கள். ரித்தேஷ் பத்ராவின் 'போட்டோகிராஃப்' (2019), மும்பை கேட்வேயில் டூரிஸ்டுகளைப் படமெடுப்பவன், தான் எடுத்த பெண்ணின் படத்தைப் பாட்டிக்கு அனுப்பி இவளைத்தான் கட்டிக்கப்போகிறேன் என்று புளுகும் கதை. மெதுவாகப் போகும், பரவாயில்லை. ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954), காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் போட்டோகிராபர், பழைய ஸ்லைடில் இருக்கும் பூச்செடியின் உயரத்தை வைத்துக் கொலையை மோப்பம் பிடிப்பார், அது உங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாலாவது அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' (1966). பூங்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வெறும் புள்ளிகளாகிற வரை பெரிதாக்கி, அதில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான் லண்டன் போட்டோகிராபர், மறுநாள் பிணமும் இல்லை. அதை மட்டும் தனியாகப் பாருங்கள், நண்பர்கள் பாதியில் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.