பாத்தி வரப்பில் நெடுங்கால் உள்ளான் முட்டை: நகர்த்தலாமா?

கேள்வி: தூத்துக்குடி பக்கம் எங்களுக்குச் சிறிய உப்பளம் இருக்கிறது. இரண்டு பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பில் ஒரு பறவை நான்கு முட்டை இட்டிருக்கிறது. சிவந்த நீளக் கால், கறுப்பு இறக்கை. வேலையாட்கள் கிட்டே போனால் சிறகொடிந்ததுபோல் விழுந்து புரள்கிறது. அடுத்த வாரம் உப்பு வார வேண்டும். முட்டைகளை வேறு வரப்புக்கு மாற்றலாமா? பறவைக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பறவைக்கு அடி எதுவும் படவில்லை, நடிக்கிறது. ஆளையோ நாயையோ தன் பின்னால் இழுத்து, முட்டையிலிருந்து அப்பால் கொண்டுபோவதற்கான நடிப்பு அது. போதுமான தூரம் போனதும் எழுந்து பறந்துவிடும். சில சமயம் முட்டையே இல்லாத இடத்தில் அடைகாப்பதுபோல் உட்கார்ந்தும் ஏமாற்றும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது நெடுங்கால் உள்ளான்தான். உடல் வெள்ளை, அலகு ஊசிபோல் மெலிந்து கறுத்திருக்கும், கண் சிவப்பு. ஆணின் முதுகு பளபளக்கும் கறுப்பு. பெண்ணின் முதுகில் பழுப்பு கலந்திருக்கும். தலையிலுள்ள கறுப்பை வைத்து ஆண், பெண் பிரிக்க முயலாதீர்கள், அது ஒவ்வொன்றுக்கும் ஒருமாதிரி இருக்கும். பறக்கும்போது கால்கள் வாலைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். உடலளவோடு ஒப்பிட்டால் பூநாரைக்கு அடுத்து மிக நீண்ட கால் இதற்குத்தான். அதனால்தான் மற்ற உள்ளான்கள் இறங்க முடியாத ஆழத்திலும் நடந்து, நீரின் மேல்மட்டத்திலுள்ள பூச்சிகளையும் சிறு கூனி இறால்களையும் கொத்தித் தின்கிறது.

உப்பளத்தில் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும்கூட முட்டையிடும். மஞ்சள் காலும் கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதையும் இருந்தால் ஆள்காட்டி. உப்புக்கொத்தி சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, முட்டையும் பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடும். எந்தப் பறவையானாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முட்டையை ஏன் நகர்த்தக் கூடாது? மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், காரணம் அதுவல்ல. இந்தப் பறவை திரும்பி வருவது தான் தேர்ந்த இடத்துக்கு. பத்து அடி தள்ளி வைத்தாலும் அது தன் கூடு என்று பறவை ஏற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சட்டமும் இருக்கிறது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன.

உண்மையான ஆபத்து வெயில். உப்பு நன்றாக விளையும் அதே கோடைதான் இவற்றின் இனப்பெருக்கக் காலமும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்து முட்டைக்கு நிழல் தருகின்றன. நீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்கின்றன. நடுப்பகலில் ஆட்கள் அருகிலேயே நின்றால் பறவை திரும்ப முடியாது, முட்டை வெந்துவிடும். எனவே அந்த வரப்பை ஒட்டிய வேலையை விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். பறவை தலைக்கு மேல் சுற்றிக் ‘கிக் கிக்’ என்று கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று பொருள்.

கூட்டுக்குப் பக்கத்தில் கொடியோ குச்சியோ நடவேண்டாம், காகத்துக்கு அது வழிகாட்டியாகிவிடும். ஆட்கள் வரும் பக்கத்தில், இருபது முப்பது அடி முன்னாலேயே ஓர் அடையாளம் போதும். தலைச்சுமை நடையை வேறு வரப்புக்கு மாற்றுங்கள். நாய்களைக் கட்டிவையுங்கள். பாத்தியில் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தால் மெதுவாக ஏற்றுங்கள்: நீர் உயர்ந்தால் மண்கட்டி, குச்சி, சிப்பி எனக் கிடைத்ததைச் சேர்த்துக் கூட்டை உயர்த்திக்கொள்ளும் பழக்கம் இந்த உள்ளானுக்கு உண்டு. ஒரே மூச்சில் திறந்துவிட்டால் அதற்கு நேரமிருக்காது.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? நெடுங்கால் உள்ளானின் அடைகாப்பு 22 முதல் 26 நாள். முட்டை ஏற்கெனவே இடப்பட்டுவிட்டதால் நீங்கள் காத்திருக்கவேண்டியது அதைவிடக் குறைவாகவே இருக்கும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும். ஓரிரு நாளில் பெற்றோருடன் வரப்பைக் காலிசெய்துவிடும். பறக்க நான்கைந்து வாரமாகும், ஆனால் அதுவரை அந்தப் பாத்தியை விட்டுவைக்கத் தேவையில்லை. மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடக்கும் குஞ்சை யாராவது பார்த்தால், தாய் இல்லாதது என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டாம். பார்த்தவர் அங்கிருந்து நகர்வதற்காகவே பெற்றோர் எங்கோ தள்ளி நின்று கத்திக்கொண்டிருக்கும்.

இன்றிலிருந்து 30 நாள் கழித்தும் முட்டைகள் அப்படியே கிடந்து, பறவை அதன்மேல் உட்காருவதே இல்லையென்றால் அவை பொரிக்காதவை. அப்போதும் கை வைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.