சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஓசூரில் வேலை. சொந்த ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். ஒவ்வொரு பொங்கலுக்கும் மனைவி, மகளோடு போகிறேன். போய் இறங்கியதும் அப்பா என் கையில் வெள்ளையடிக்கிற மட்டையைக் கொடுத்துவிடுகிறார். போகி வரைக்கும் வெள்ளையடிப்பதும் உடைந்த ஓடு மாற்றுவதும்தான் வேலை. திரும்பும்போது தோள் கழன்றுபோகிறது. அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் பொங்கலன்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, பின்கட்டுச் சமையலறை மட்டும் தொண்ணூறுகளில் அப்பா சேர்த்தது. இந்த முறை கான்ட்ராக்டர் வைத்து, அடிச்சுவரில் பொரிந்து விழும் இடத்தில் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிடலாம், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, செலவு முழுக்க என்னுடையது என்றேன். அன்றிலிருந்து அப்பா போனில் சரியாகப் பேசுவதில்லை. பண்டிகைக்குப் போகிற பிள்ளை கொஞ்சம் ஓய்வெடுக்க நினைப்பது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பில்லை. ஓய்வெடுங்கள். அக்கா வீட்டுக்காரர் விஷயத்துக்குள் நான் வரவில்லை. மாமனார் வீட்டில் மட்டை பிடித்த மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நீங்கள் உங்கள் மாமனார் வீட்டில் பிடித்ததாகவும் கடிதத்தில் இல்லை.

ஆனால் 'சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன்' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமீபத்தில்தான் திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, இதே வைத்தியம் பார்த்த ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு மனசு ஆறாமல் வந்தேன். அடிச்சுவரில் இடுப்பளவுக்கு நின்ற ஓதம், அதாவது சுவரில் ஊறி ஏறும் ஈரம், சிமெண்ட் பூசிய பிறகு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. விலை உயர்ந்த பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து தொங்கியது. வீட்டுக்காரர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் என்ன செய்யும்?

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க 1904-ல் சென்னையில் முயன்றார்கள். போர்பந்தரில் ஆலை ஓடத் தொடங்கியது 1914-ல். அது டெல்டா கிராமத்துக் கொத்தனார் கைக்கு வர இன்னும் பல காலம் ஆனது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா கட்டியது அநேகமாகச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகத்தான் இருக்கும். அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கிற ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் ஊறும்போது, செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே இழுக்கும். நீரோடு மண்ணின் உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. அதன் வழியே ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். உப்பு மேலே பூக்கும், நாம் துடைப்பத்தால் தட்டிவிட்டு மறுபடி வெள்ளையடிப்போம். அதற்காகத்தான் வருஷா வருஷம். அந்த வழியைச் சிமெண்டாலும் பட்டியாலும் பிளாஸ்டிக் பெயிண்டாலும் அடைத்தால் ஈரம் எங்கே போகும்? பூச்சு முடிகிற இடம் வரைக்கும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து, அதையே உள்ளிருந்து தள்ளும். கூடவே, சிமெண்ட் சுண்ணாம்பைவிட விறைப்பானது. பழைய சுவர் கொஞ்சம் அசையும், அது அசையாது. விரிசல் விடும், மழைத் தண்ணீர் அதற்குள் புகும். இதற்கா உங்கள் போனஸ்?

பத்து வருஷம் என்று யார் சொன்னது, கான்ட்ராக்டரா? அவர் சுவரைத் தட்டிப் பார்த்தாரா, வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்தாரா?

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி தெருதான். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ஏறிப்போக வேண்டிய திண்ணை இப்போது தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரடியில் நிற்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-ல் அரசே உத்தரவு போட்டது. உங்கள் தெருவில் எப்படி என்று அப்பாவைக் கேளுங்கள், அதைப் பற்றியாவது அவர் பேசட்டும்.

என் தாத்தா வீட்டில் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாமா ஒருவர் உண்டு. தாத்தாவுக்கும் அவருக்கும் ஏதோ நிலத் தகராறு, நேருக்கு நேர் பேச்சில்லை. ஆனால் போகிக்கு முன்பே லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார். கொல்லையில் தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது கொதிக்கும். எங்களைக் கிட்டே விடமாட்டார். ஆறிய பிறகு பழைய வேட்டியில் வடிகட்டி, உப்பும் கஞ்சியும் துளி நீலமும் சேர்ப்பார். நுனி நைத்த தாழை விழுதுதான் மட்டை. கைக்குத் தேங்காய் எண்ணெய். அடித்ததும் சுவர் அழுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். நான் ஏமாந்துபோய் நிற்பேன். காயக் காயத்தான் வெளுக்கும். 'ஏணி சாயுது' என்று தாத்தா யாரிடமோ சொல்வது போலச் சொல்வார். மாமா நகர்த்தி வைப்பார். அந்த வருஷத்துக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள். தகராறு கடைசிவரை தீரவில்லை. பாகம் பிரித்தபோது மாமா கோர்ட்டுக்கே போனார்.

இவ்வளவு எழுதினீர்கள், உங்கள் அப்பாவுக்கு என்ன வயசு என்று எழுதவில்லை. ஏணியில் ஏற முடியாத வயசு என்று நானாக ஊகிக்கிறேன். ஏற முடிந்திருந்தால் நீங்கள் வருவதற்குள் முடித்திருப்பார். அவர் இத்தனை வருஷம் காப்பாற்றிய சுவரை, கேட்காமல் ஒரு ஆளிடம் விலை பேசிவிட்டு 'செலவு என்னுடையது' என்றால் வேறு எப்படிப் பேசுவார்? பணம் உங்களுடையது, சரி. வீடு இன்னும் அவருடையது.

தோள்வலிக்கு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் பொங்கல் லீவுக்குள் திணிக்காதீர்கள். மழை ஓய்ந்த பிறகு மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு போய், பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார் உங்கள் பக்கத்தில் கிடைப்பார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் வைத்து அவர் பூசட்டும். கூலி கொடுத்தே செய்யுங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. வெள்ளையடிப்பதற்கும் ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம், அப்பாவிடம் சொல்லிவிட்டு. மட்டை பிடிக்கும் நாளில் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், சுண்ணாம்பு தெறித்தால் விளையாட்டில்லை. மகளுக்குத் திண்ணையில் காவிப் பட்டை அடிக்கிற வேலை கொடுக்கலாம்.

கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் வீணாக வேண்டாம். பின்கட்டுச் சமையலறை சிமெண்டில் கட்டியதாகத்தான் இருக்கும். அங்கே ஓதம் இல்லையென்றால் அவர் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிட்டுப் போகட்டும். எந்த நிறம் என்பதை அம்மாவிடம் கேளுங்கள்.