அமெரிக்காவின் 1860 அடிமைப் பட்டியலில் முன்னோர் பெயர் கிடைக்கவில்லையா?

பெயர் போட்டுத் தேடினால் வராது. 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் எஜமானர் பெயர் மட்டும்தான். அதன் கீழே ‘35, ஆண், கறுப்பு’ என்று வரிவரியாக ஆட்கள். நீங்கள் தேடும் ஜார்ஜியா மாநிலத்துக்காரர் 1870 கணக்கெடுப்பில் திடீரென முளைப்பது அதனால்தான்.

1870 வயதில் பத்தைக் கழித்து, அதே கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) 1860 பட்டியலில் அந்த வயது ஆண் யார் பெயரின் கீழ் என்று பாருங்கள். வயதெல்லாம் உத்தேசம், முன்பின் இருக்கும்.

அடுத்து, விடுதலையான அடிமைகளுக்கான ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் (1865–1874) சவானா, அகஸ்டா கிளைப் பதிவுகள். பழைய எஜமானர், பெற்றோர் பெயர்கள்கூடச் சில படிவங்களில் உண்டு.

குடும்பப் பெயரை நம்பி எஜமானரை முடிவுசெய்யாதீர்கள். முந்தைய எஜமானர் பெயரையோ தாமே தேர்ந்ததையோ வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். உள்நாட்டுப் போருக்கு முன்பே விடுதலையானவர் என்றால், சுதந்திர மக்களின் பொதுக் கணக்கெடுப்புப் பட்டியலிலேயே பெயரோடு இருக்க வாய்ப்புண்டு.